ஹாலில் நான்கு விருந்தாளிகள்

தில்லியில் மார்கழிக் குளிரில் நம்மவர்கள் கம்பளி தேடும் நேரத்தில், எங்கள் பின்முற்றத்துச் சிமெண்ட் தொட்டி விரிசல் விட்டது. உள்ளே நான்கு கோய் மீன்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. கல்யாணமாகிப் பெங்களூர் போன மகள் விட்டுச்சென்றவை. போனில் அவள் முதலில் விசாரிப்பது அவற்றைத்தான், அப்புறம்தான் எங்களை!

இவ்வளவு பெரிய மீனுக்கு மேஜைக் கண்ணாடித் தொட்டி உதவாது. 1000 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் மேல்பாகத்தை அறுத்தெடுத்து ஹாலில் வைத்தோம். முக்கால் பங்கு நிரப்பினாலே 750 கிலோ. மாடியில் குடியிருப்போர் யோசித்துச் செய்யவும்.

குழாய்த் தண்ணீரின் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். சோடியம் தயோசல்பேட் கரைத்தால் குளோரின் போய்விடும். பழைய வடிகட்டியை மட்டும் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அதில்தான். புது இடத்தில் கோய் துள்ளி வெளியே விழும், ஆகவே மேலே வலை. மின்வெட்டுக்கு பேட்டரி காற்று பம்ப்.

புதுச் சிமெண்ட் சுண்ணாம்பு கக்கும். முற்றத்துத் தொட்டியைச் சில வாரங்கள் நிரப்பிக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். டி.வி. சத்தம் கூடினால் நான்கும் அடியில் பதுங்குகின்றன. என் மனைவி இப்போது சீரியலை மெதுவாக வைத்துத்தான் பார்க்கிறாள்.