கௌபி மூட்டையும் வயிற்றுப் பொருமலும்

“மாமி, இனி இந்தக் கௌபி வேண்டாம். பிள்ளை பள்ளிக்கூடத்தாலை அழுதுகொண்டு வந்து நிக்கிறான்.”

வன்னியில் மீளக்குடியேறிய ஒரு குடும்பத்தின் அடுப்படியில் கேட்ட பேச்சு இது. மாமியாருக்கு நீரிழிவு. தீட்டிய வெள்ளையரிசியைக் குறைத்து, தவிட்டரிசி, பயறு, கௌபி, கீரை வகைகளைக் கூட்டும்படி கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். சொந்தக் காணியில் விளைந்த கௌபி ஒரு மூட்டை வீட்டிலேயே இருந்தது. ஆகவே முழு வீடும் ஒரே நாளில் மாறிவிட்டது. காலையில் அவித்த கௌபி, மத்தியானம் குத்தரிசிச் சோற்றோடு பருப்பும் கீரையும், இரவில் குரக்கன் புட்டு. நாலாம் நாள் மாமியாருக்கு வயிற்றுப் பொருமல், மருமகளுக்கு இரைச்சல், பையனுக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர். ஒரு கிழமைக்குள் மூட்டையின் வாயைக் கட்டி மூலையில் வைத்தார்கள். கோதுமை மா ரொட்டி திரும்பி வந்தது.

கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நட்டம் சிறியதல்ல. காய்ந்த கௌபி 100 கிராமில் ஏறக்குறைய 23 கிராம் புரதம் உண்டு. அதே அளவு அரிசியில் 7 கிராம் அளவே உண்டு. மீனும் முட்டையும் கிழமைக்கு ஒரு தடவை வாங்குவதே பெரும்பாடாயுள்ள வீட்டில், வாய்வுக்குப் பயந்து கௌபியை ஒதுக்கினால், வளரும் பிள்ளையின் புரதத்தைத்தான் ஒதுக்குகிறோம்.

எமது குடும்பங்கள் பலவற்றில் ஒரு தலைமுறையே நிவாரண அட்டையோடு வளர்ந்தது. 1990களின் இடப்பெயர்வுகளிலும், 2009இல் மெனிக் பாம் முகாம்களிலும் அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு என்பனவே கைக்கு வந்தன. மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அங்கு பழகிய சாப்பாட்டை வயிறு உடனே மறப்பதில்லை. நார்ச்சத்துக் குறைந்த உணவுக்குப் பழகிய குடலுக்குள் ஒரே நாளில் கௌபியும் தவிடும் கீரையும் குரக்கனும் சேர்ந்து போனால் அது தடுமாறத்தான் செய்யும்.

உள்ளே நடப்பது இதுதான். பயறு, கௌபி, கடலை, சோயா ஆகியவற்றில் ரபினோஸ், ஸ்ரக்கியோஸ் எனப்படும் சில சீனி வகைகள் உண்டு. இவற்றை உடைக்கும் நொதியம் மனிதரின் சிறுகுடலில் இல்லை. ஆகவே அவை சமிக்காமலே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே வாழும் பற்றீரியாக்கள் அவற்றைப் புளிக்க வைக்கும்போது ஐதரசன், காபனீரொட்சைட்டு, சிலருக்கு மெதேன் ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. இவற்றுக்கு மணமில்லை. மணம் வருவது மிகச் சிறிதளவான கந்தகச் சேர்வைகளினால். ஒரு நாளில் 10 முதல் 20 தடவை வரை வாய்வு பறிவது சுகதேகிக்கும் இயல்பே. இதை அந்தப் பையனின் வகுப்பிலும் யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தினமும் அரைக் கோப்பை கௌபியினத்துப் பயறு சாப்பிட்டவர்களில் முதற் கிழமையில் வாய்வு கூடியதாகச் சொன்னவர்கள் 19 வீதத்தினர் மாத்திரமே. வேறு அவரை வகைகளைச் சாப்பிட்டவர்களிடையே இது கூடுதலாயிருந்தாலும், அங்கும் பாதிப்பேருக்குக் குறைவே. தொல்லைப்பட்டவர்களிலும் பெரும்பாலானோருக்கு இரண்டாம் மூன்றாம் கிழமையோடு அது தணிந்துவிட்டது. அந்த வீட்டார் நிறுத்தியதோ முதற் கிழமையில்!

கௌபியைச் சமைத்த முறையிலும் ஒரு பிழை இருந்தது. மருமகளின் முறைப்பாட்டைக் கேட்ட மாமியாரே அதைச் சொன்னார்: “ஏன் பிள்ளை, நாங்கள் சின்னனிலை இதைத் தின்னேல்லையே? எங்கடை அம்மா முதல்நாளே ஊறப்போட்டு, அந்தத் தண்ணியை வாழைக்கு ஊத்திவிடுவா.” மருமகளோ ஊறப்போடாமல் நேரே அடுப்பில் ஏற்றியிருந்தார். காலையில் தோட்டத்துக்கு ஓடுகிறவருக்கு முதல்நாள் இரவு நினைவு வருவது கஷ்டந்தான்.

கிழவியின் தாயார் செய்தது முற்றிலும் சரி. அந்தச் சீனிகள் நீரில் கரைபவை. இரவு முழுவதும் ஊறவிட்டு, முடிந்தால் இடையில் ஒருதரம் தண்ணீரை மாற்றி, ஊறிய நீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் நசியும் வரை அவித்தால் அவற்றில் ஒரு பங்கு போய்விடும். விறகும் மிச்சம். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். (அந்தக் காஸ் வேண்டியபோது கிடைக்கவில்லை, இந்தக் காஸ் வேண்டாதபோது வருகிறது என்று ஒரு முதியவர் பகிடி விட்டார்.) பயற்றை முளைக்கவிடுவது இன்னும் நல்லது. முளைவிடும் வித்து அந்தச் சீனிகளைத் தானே உணவாக்கிக்கொள்கிறது. ஆனால் முளைப்பயற்றைப் பச்சையாய்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் அவித்தே கொடுங்கள். அரைத்துப் புளிக்கவைத்த உழுந்துத் தோசை வயிற்றுக்கு இலகுவாயிருப்பதும், நொதிக்கும்போது இச்சீனிகள் குறைவதால்தான். கெதியாக அவியட்டும் என்று அப்பச்சோடா போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது தயமின் என்ற உயிர்ச்சத்தை அழிக்கும். வெள்ளையரிசி உண்போருக்கு அது ஏற்கெனவே குறைவு.

அளவைப் படிப்படியாகக் கூட்டுங்கள். முதற் கிழமை ஒன்றுவிட்ட ஒருநாள், ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி அவித்த கௌபி போதும். அடுத்த கிழமை அதை இரட்டிப்பாக்கலாம். மூன்றாம் நாலாம் கிழமையில் அரைக் கோப்பைக்கு வரலாம். தவிட்டரிசியை வெள்ளையரிசியோடு கலந்து தொடங்குங்கள். கௌபி தொடங்கிய கிழமையிலேயே குரக்கனையும் தொடங்க வேண்டியதில்லை. தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். அவசரமாக விழுங்கினால் காற்றும் கூடவே உள்ளே போகும்.

பெருங்காயம், இஞ்சி, ஓமம், நற்சீரகம் சேர்ப்பது எமது மூத்தோர் வழக்கம். பலருக்கு அது இதமளிக்கிறது. உள்ளியை மட்டும் அளவோடு போடுங்கள். வாய்வுக்கு மருந்தென்று நாம் நம்பும் உள்ளியே சிலருக்கு வாய்வைக் கூட்டுவதுண்டு.

கௌபிமேல் பழி விழும் வேறு காரணங்களும் உண்டு. வளர்ந்தவர்கள் பலருக்குப் பாற்சீனி சமிப்பதில்லை. பால்மாத் தேத்தண்ணீரைச் சில நாள் நிறுத்தி வெறும் தேத்தண்ணீர் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசையும் தொடக்கத்தில் பொருமலையும் வயிற்றோட்டத்தையும் தரலாம். அதைத் தாமாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். சாப்பாட்டோடு எடுக்கும்படியோ அளவை மாற்றியோ தருவார்கள். பிள்ளைக்கு நாறும் வயிற்றோட்டம் நாட்கணக்கில் நீடித்தால் கிணற்றுத் தண்ணீரையும் சந்தேகிக்க வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், விடாத வாந்தி, வயிறு வீங்கி இறுகி மலமும் வாய்வும் போகாமலிருத்தல் ஆகியவற்றுக்குக் கைமருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நெஞ்சு இறுகி, வியர்த்து, நோ தோளுக்கோ தாடைக்கோ பரவினால் அதை “வாய்வுக் குத்து” என்று சொல்லி இஞ்சி அவித்துக் குடித்துப் படுத்துவிடாதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவுக்காரருக்கு நோவே இல்லாமல் வியர்வையும் மூச்சிளைப்பும் மட்டும் வருவதுண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அந்த வீட்டு மூட்டையை ஒரு மாதம் கழித்து மருமகள் அவிழ்த்தார். அடியில் கொஞ்சம் வண்டு அரித்துவிட்டது. அதைப் புடைத்து எடுத்துவிட்டு ஒரு பிடியை ஊறப்போட்டார். “நாளைக்கு ஒரு கரண்டிதான்” என்று பையனுக்கும் சொல்லியாயிற்று. நல்ல மணியாகப் பார்த்து இரண்டு சுண்டு கௌபியை விதைக்கென்று மாமியார் போத்தலில் போட்டு மூடினார்.