டீச்சர்களுக்கு டிரெய்னிங்... அதுவும் காட்டு ஏரியில்! ஏன்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டியிருக்கிறது 'பவுண்டரி வாட்டர்ஸ்' காடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். பெரும்பாலானவற்றில் மோட்டாருக்குத் தடை, துடுப்புதான் போடணும். ஒரு குழுவில் அதிகபட்சம் 9 பேர், 4 படகுகள்.

மாணவர்களை வெளியே அழைத்துப்போய் அனுபவத்தின் வழியே கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இதுவும் ஒரு வகுப்பறை.

என்ன செய்வார்கள்?

ஏரி முடிந்தால், படகைத் தோளில் சுமந்து அடுத்த ஏரிவரை நடக்கணும். தினம் ஒருவர் தலைவர். காற்று பலமா? கடப்பதா, கரையிலேயே காத்திருப்பதா? அவர்தான் முடிவெடுக்கணும். கணக்கு தப்பினால் படகு கவிழலாம். உதவி உடனே வராது.

பாடம் எங்கே?

மாலையில் நடக்கும் அலசலில். என்ன நடந்தது, யார் பேச்சை யாரும் கேட்கவில்லை, அடுத்த முறை என்ன செய்யலாம்?

நாளை ஒரு மாணவன் படகில் ஏறப் பயந்து நின்றால், 'பயப்படாதே' என்று சொல்லிவிட்டு நகர மாட்டார்கள். அந்தப் பயம் அவர்களுக்கும் தெரியும்.