52 ரன்னும் 60-ஆம் நம்பர் நூலும்

களமும் கணக்கும் – 11

விளையாட்டிலிருந்து தொழிலுக்குப் பாடம் என்று யாராவது பேச ஆரம்பித்தால், பத்து நிமிடத்துக்குள் அமெரிக்காவின் ஓக்லண்ட் பேஸ்பால் அணி வந்துவிடும். 2002-ல் குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுத்து, தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்த அணி. நல்ல கதைதான். ஆனால் திண்டுக்கல்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், நத்தம் வரை போனால் போதும்.

அங்கே என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2025 ஜூலை 6 அன்று டி.என்.பி.எல். கிரிக்கெட் இறுதிப் போட்டி நடந்தது. திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன் குவித்தது. நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ் சொந்த மண்ணில் 102-க்குச் சுருண்டது. அதற்கு முந்தைய ஆண்டு சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியிலோ கோவை கிங்ஸ் எடுத்ததே 129-தான். அதைத் துரத்தும்போது கேப்டன் அஸ்வின் 46 பந்தில் 52 அடித்தார், கோப்பை திண்டுக்கல்லுக்கு வந்தது. ஸ்ட்ரைக் ரேட் 113. அந்த எண்ணை மட்டும் பிய்த்தெடுத்துப் பார்த்தால் டி20-க்கு மந்தமான ஆட்டம். நத்தத்தில் 221-ஐத் துரத்தும்போது ஒருவர் அதே வேகத்தில் ஆடியிருந்தால், தோல்விக்கே அவர்தான் காரணம் என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதியிருப்போம்.

எண்ணைச் சூழலோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பதை கிரிக்கெட் புரிந்துவைத்திருக்கிறது. டி.என்.பி.எல்.லில் மழை குறுக்கிட்டால் இலக்கைத் திருத்துவது வி.ஜே.டி. முறை, கேரளப் பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்தது. கையில் எத்தனை ஓவர், எத்தனை விக்கெட் என்று பார்த்துவிட்டுத்தான் அது இத்தனை ரன் எடு என்கிறது.

இப்போது வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு வாருங்கள். ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொரு ரிங் ஃபிரேமும் எத்தனை கிலோ நூற்றது என்று போர்டில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஃபிரேம் முதலிடம், ஏழாவது கடைசி. ஏழாவதைப் பார்க்கும் பெண்ணுக்குத் திட்டு விழுகிறது. மூன்றில் ஓடுவது 40-ஆம் நம்பர் நூல், ஏழில் ஓடுவது 60 என்பது போர்டில் இல்லை.

நூல் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 840 கஜம் கொண்ட சிட்டம் 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருந்தால் அது 40-ஆம் நம்பர். 60 சிட்டம் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு என்றால் 60. மெல்லிய நூலுக்கு முறுக்கும் கூடுதலாக வேண்டும், அதனால் நூல் வெளிவரும் வேகம் குறையும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கதிர் ஒரே வேகத்தில் சுழன்றாலும் 60-ஆம் நம்பரில் எடை ஏறக்குறையப் பாதிதான் வரும். அந்தப் பெண் எவ்வளவு ஓடியாடி வேலை பார்த்தாலும் மூன்றாவது ஃபிரேமைப் பிடிக்க முடியாது.

கோயம்புத்தூரில் 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது 'சிட்ரா', இதற்கு வழி சொல்கிறது. மில்லுக்கு மில் ஒப்பிடும்போது உற்பத்தியை 40-ஆம் நம்பருக்கு மாற்றிக் கணக்கிடுகிறார்கள். 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி பிடிக்கிறது என்பதையும் அப்படியே மாற்றிப் பார்க்கிறார்கள். ஒரு பெருக்கல் கணக்கு, அவ்வளவுதான். இதைச் செய்யாமல் போர்டு மாட்டுவதைவிட மாட்டாமலே இருக்கலாம் என்பேன்.

நூல் அறுவதும் இப்படித்தான். நூறு கதிர் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை முறை அறுகிறது என்று எண்ணுவது நல்ல வழக்கம். ஆனால் அந்த எண் ஏறினால் ஃபிரேமைச் சுற்றி நடந்து இழை ஒட்டும் சைடரையா திட்டுவது? பஞ்சின் இழை குட்டையாக இருக்கலாம், நூலை வழிநடத்தும் டிராவலர் கொக்கி தேய்ந்திருக்கலாம், ஏப்ரல் வெயிலில் ஷெட்டுக்குள் ஈரப்பதம் இறங்கியிருக்கலாம். ஆளைத் திட்டினால் இதில் எதுவும் சரியாகாது.

திட்டு என்பது இங்கே சின்ன விஷயமில்லை. இலக்கை எட்டவில்லை என்று சூப்பர்வைசர் கத்துவது ஜவுளி ஆலைகளில் பழைய நோய். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அதன்பின், பாலியல் தொல்லைக்கும் வசவுக்கும் எதிராக, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. பெண்கள் தலைமையில் இயங்கும் டி.டி.சி.யூ. தொழிற்சங்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், எச் அண்ட் எம் உள்ளிட்டோர் அதில் இணைந்தார்கள். தொழிலாளர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, பாலியல் தொல்லையையும் வசவையும் கவனித்துப் புகாராகப் பதிவு செய்யும் பொறுப்பு தரப்பட்டது. இதுவும் செயல்திறன் கண்காணிப்புதான். இங்கே அளக்கப்படுவது நிர்வாகம். மில்லின் மாதக் கூட்டத்தில் கிலோ கணக்கோடு இந்தப் புகார்க் கணக்கையும் வைக்க வேண்டும்.

மில் நடத்துகிறவர்கள் இந்த வாரமே போர்டில் கிலோவுக்குப் பக்கத்தில் நூல் நம்பரை எழுதி, 40-க்கு மாற்றிய எண்ணையும் போடுங்கள். நூல் அதிகமாக அறுந்தால் முதலில் சைடரிடம் காரணம் கேளுங்கள், அவர் சொல்வதையும் குறித்து வையுங்கள். போர்டு மாறிய பிறகு எந்த ஃபிரேம் முதலிடம் வந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த வாரம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போவோம்.