பெயரும் பகையும்: முதல் உலகப் போரும் மலாயாவின் ஜெர்மானிய வணிகமும்

தந்திரமும் துணிவும் மிக்கவனைத் தமிழர் 'எம்டன்' என்பர். அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கிய அக்கப்பல், அக்டோபர் 28 விடியலில் பினாங்குக்கு வந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றையும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. கப்பலின் பெயர் அச்சத்தின் பெயராயிற்று. அந்நாளில் ஜெர்மானிய ஒலியுடைய வணிகப் பெயர்களும் ஐயத்துக்கு உள்ளாயின.

1840இல் சிங்கப்பூரில் தோன்றிய பென் மேயர் நிறுவனம், போர் மூண்டபின் பகைவர் சொத்தெனக் கைப்பற்றப்பட்டுக் கலைக்கப்பட்டது. ஜெர்மானியர் கூடிய தியூட்டோனியா மன்றமும் பறிபோயிற்று. அக்கட்டடமே இன்றைய குட்வுட் பார்க் விடுதி. 1915 பிப்ரவரி 15 அன்று மூண்ட சிப்பாய்க் கிளர்ச்சியின்போது, டாங்லின் முகாமில் அடைபட்டிருந்த ஜெர்மானியருள் சிலர் தப்பியோடினர். பெரும்பாலோர் கிளர்ச்சியில் சேரவில்லை. எனினும் சிலர் செயலால் அனைவர்மீதும் ஐயம் வலுத்தது.

பெயர் நம்பத்தக்க சான்றாகுமா? இரு நிகழ்வுகள் விடை தருகின்றன. இங்கிலாந்தில் பதிவுபெற்ற கான்டினென்டல் டயர் நிறுவனத்தின் பெயரில் ஜெர்மானிய ஒலியே இல்லை. ஆனால் அதன் பங்குகளில் ஒன்றைத் தவிர ஏனையவை ஜெர்மானியரிடம் இருந்தன. இயக்குநர்களும் ஜெர்மனியிலேயே வாழ்ந்தனர். நிறுவனத்தை ஆள்வோர் பகைவராயின் நிறுவனமும் பகைத்தன்மை பெறக்கூடும் என்று பிரபுக்கள் சபை 1916இல் தீர்ப்பளித்தது. மறுபுறம், பிரிட்டிஷ் அரச குடும்பமே ஜெர்மானியப் பெயரைத் தாங்கியிருந்தது. 1917 ஜூலை 17 அன்று அதனை 'வின்சர்' என மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, குடும்பம் மாறவில்லை.

வட சிலாங்கூரையும் நோக்குவோம். கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், தென்னமரம் தோட்டம் உள்ளது. பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் அத்தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. அதனை மேற்கொண்ட ஹென்றி ஃபொக்கோனியே பிரெஞ்சுக்காரர். 1914இல் தம் நாட்டுப் படையில் சேரத் தாயகம் சென்றவர். பென் மேயரைப் போலவே அவரும் ஆங்கிலேயர்க்கு அயலவர். ஆயின் அவர் நாடு நேசநாடு; எனவே அவர் முயற்சி தொடர்ந்தது.

ஆகவே வரலாற்றைக் கற்பிக்கும்போது பெயர், உடைமை, செயல் ஆகிய மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். உடைமையைப் பதிவேடுகள் காட்டும். குற்றத்தைச் செயலே காட்டும். பெயரோ இரண்டையும் காட்டுவதில்லை. போர்க்காலத்தில் முதலில் மறக்கப்படுவது இவ்வேறுபாடே.