வாங்காமல் விட்ட பணம்

சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் 1920-இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர வேண்டும்; செலவு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவைத் தாண்டக் கூடாது. திட்டம் இன்னும் சில பள்ளிகளுக்குப் பரவியது. 1925-இல் நின்றுபோனது. தொடக்கக் கல்விக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவு எழுத முடியாது என்று அன்றைய அரசு மறுத்துவிட்டதுதான் காரணம். பிள்ளைகளுக்குப் பசிக்கிறதா என்பதில் தகராறு இல்லை. அந்த ஓரணாவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில்தான் தகராறு. நூறாண்டு கழித்தும் அரசுச் செலவைப் பற்றிய நம் சண்டைகளில் பாதி, பணத்துக்கு என்ன பெயர் வைப்பது என்ற சண்டையாகவே இருக்கிறது. மறுபாதி இன்னும் விசித்திரமானது: செலவு என்ற பெயரே வைக்கப்படாததால், சண்டைக்கே வராமல் போய்விடுகிற தொகைகள்.

2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் புந்தேல்கண்ட் விரைவுச் சாலையைத் திறந்துவைத்த பிரதமர் மோடி, ‘ரேவ்டி’ பண்பாடு நாட்டுக்கு ஆபத்து என்றார். ரேவ்டி என்பது எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்கிற வட இந்திய மிட்டாய். நம் எள்ளுருண்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தில் இலவசங்கள் பற்றிய வழக்கு சூடுபிடித்து, தலைமை நீதிபதி ரமணாவின் அமர்வு அதை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அதற்கு முன்பே, 2006 தேர்தலின் வண்ணத் தொலைக்காட்சியும் 2011 தேர்தலின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்கு வழக்காகப் போயிருந்தன. 2013-இல் நீதிபதிகள் சதாசிவமும் ரஞ்சன் கோகோயும், தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றார்கள். ஆனாலும் இது நியாயமான தேர்தலின் வேரை அசைக்கிறது என்று கவலையும்பட்டார்கள். ரேவ்டியைக் கண்டித்த கட்சியே மத்தியப் பிரதேசத்தில் ‘லாட்லி பெஹனா’வையும், கூட்டணியாக மகாராஷ்டிரத்தில் ‘லாட்கி பஹின்’ திட்டத்தையும் கொண்டுவந்து பெண்களின் வங்கிக் கணக்கில் பணம் போட்டது. இதை இரட்டை வேடம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கலாம். எனக்கு அதில் ஆர்வமில்லை. எல்லாக் கட்சிகளும் கொடுக்கின்றன என்பது ஊரறிந்த செய்தி. யாருக்கு, எந்த வழியாகக் கொடுக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள்! வீட்டுக்கு வந்தால் இலவசம். ஜெயலலிதா ஆட்சியில் அதே பொருள் ‘விலையில்லா’ என்ற முன்னொட்டோடு கொஞ்சம் மரியாதை பெற்றது. வயலுக்குப் போனால் மானியம், ஆலைக்குப் போனால் ஊக்கத்தொகை, வரிப் படிவத்தில் வந்தால் சலுகை. பெறுகிறவரின் நிலை உயர உயரச் சொல்லிலும் நாணயம் கூடுகிறது. ஆனால் ஒரு வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். மாடியில் குடியிருப்பவரிடம் வாடகையில் ஐயாயிரம் ரூபாய் குறைத்துக்கொள்கிறார். கீழே குடியிருப்பவருக்கு ஐயாயிரத்தை எண்ணிக் கையில் கொடுக்கிறார். இரண்டாவதைத் தானம் என்றும் முதலாவதை நிர்வாகத் திறமை என்றும் அவர் சொல்லிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் அவர் கணக்கில் இரண்டாலும் விழுகிற துண்டு ஒன்றுதான். வாங்க வேண்டியதை வாங்காமல் விடுவதும் செலவே. வரிப்பணத்தைப் பற்றிய நம் அரசியல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடப்பதால்தான் கொடுத்த பணம் பூதாகரமாகவும், விட்ட பணம் இல்லாததாகவும் தெரிகிறது என்பது என் வாதம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கக் கருவூலத்தில் உயர் பொறுப்பில் இருந்த ஸ்டான்லி சர்ரே 1967-இலேயே ‘வரிச் செலவு’ என்ற சொல்லை முன்வைத்தார். 1974-இன் சட்டம் அந்நாட்டு வரவு செலவுத் திட்டத்தோடு அப்படிப்பட்ட பட்டியலை ஆண்டுதோறும் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2006-07 வரவு செலவுத் திட்டத்திலிருந்து ‘கைவிடப்பட்ட வருவாய்’ என்ற அறிக்கை இணைக்கப்பட்டு வருகிறது. அந்தத் தலைப்பு கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து அது ‘வரி ஊக்கச் சலுகைகளால் வருவாயில் ஏற்படும் விளைவு’ என்று மாறியது. ஓரணாவுக்குத் தலைப்பு கிடைக்காத கதையைப் போலவே இங்கும் தலைப்பில்தான் அரசியல் ஒளிந்திருக்கிறது.

பெரிய உதாரணம் 2019 செப்டம்பர் 20. கோவாவில் ஜிஎஸ்டி மன்றக் கூட்டம் நடந்த அதே நாளில், அதே ஊரில், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் உள்நாட்டு நிறுவனங்களுக்கான வருமான வரி விகிதத்தை, வேறு சலுகைகளைக் கோராத நிறுவனங்களுக்கு 22 சதவீதமாகவும், புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைத்தார். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்பது அரசே சொன்ன கணக்கு. அந்த ஆண்டு நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு நாடு முழுமைக்கும் ஒதுக்கிய தொகை 60,000 கோடி. பங்குச் சந்தை அன்று ஒரே நாளில் 1,900 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. நாடாளுமன்றம் கூடவில்லை, அவசரச் சட்டம் போதுமானதாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. பகிர்ந்தளிக்கும் வரி வருவாயில் அப்போது 42 சதவீதம் மாநிலங்களுடையது. அதாவது விட்டுக்கொடுத்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நாற்பது ரூபாய்க்கு மேல் மாநிலங்களின் பணம். அந்த மாநிலங்களின் நிதியமைச்சர்கள் அதே ஊரில்தான் கூடியிருந்தார்கள்.

தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத்தொகையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பரில் 1.06 கோடிப் பெண்களோடு தொடங்கிய திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,700 கோடி. ஒன்று மாநிலத்தின் செலவு, மற்றது நாட்டின் செலவு என்பதால் தொகையை ஒப்பிடுவது சரியில்லை. எழுந்த சத்தத்தை ஒப்பிடலாம். உரிமைத்தொகைக்குத் தகுதி விதி, விண்ணப்பம், வீட்டில் கார் உண்டா, மின்சாரப் பயன்பாடு எவ்வளவு என்ற சரிபார்ப்பு, விடுபட்டவர்களின் மேல்முறையீடு, ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, வாக்கெடுப்பு, பிறகு தணிக்கை. வரிச் சலுகை ஒருமுறை சட்டத்தில் ஏறிவிட்டால் அதற்கு ஆண்டுதோறும் கை தூக்க யாரும் தேவையில்லை. காலக்கெடு வைக்கப்படாவிட்டால், யாராவது மெனக்கெட்டு நீக்கும்வரை அது தானாக ஓடும். நாடாளுமன்றத்தில் மானியக் கோரிக்கைகள் பலவும் விவாதமே இல்லாமல் ‘கில்லட்டின்’ முறையில் நிறைவேறுகின்றன என்பது உண்மைதான். ஆனால் விவாதிக்கலாம் என்ற கதவாவது அங்கே இருக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. சம்பாதித்தவர் பணத்தை அவரிடமே விட்டுவைப்பது எப்படிச் செலவாகும்? அப்படியென்றால் நாட்டின் மொத்த வருமானமும் அரசுக்குச் சொந்தம், மிச்சம்தான் நமக்கு என்று ஆகாதா? சர்ரேயிடமும் இதையே கேட்டார்கள். பதில், அரசின் பேராசையில் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான விகிதம் ஒன்றை வகுத்துவிட்டு, இன்னாருக்கு, இன்ன தொழிலுக்கு மட்டும் குறைவு என்று விலக்குத் தரும்போது, அந்த இடைவெளிதான் செலவு. பொது விகிதத்தையே எல்லோருக்கும் குறைத்தால் அது செலவா, கொள்கை மாற்றமா என்பது விவாதத்துக்குரியது என்று ஒப்புக்கொள்கிறேன். 2025-இல் 12 லட்சம் வரையிலான ஆண்டு வருமானத்துக்கு வரியில்லை என்றபோது போன ஒரு லட்சம் கோடியும் அந்த எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. ஆனால் அந்த ஒரு லட்சம் கோடியை யாரும் ரேவ்டி என்று சொல்லவில்லை, ‘நடுத்தர வர்க்கத்துக்கு நிவாரணம்’ என்றார்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ‘எங்கள் வரிப்பணத்தில் அவர்களுக்குக் கொடுக்கிறார்கள்’ என்ற புலம்பலிலும் ஒரு பிழை உண்டு. கைபேசிக்கு ரீசார்ஜ் செய்யும் பெண் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறார். பெட்ரோல் விலையில் மத்திய, மாநில வரிகள் இருக்கின்றன. வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் ஆகிவிடமாட்டார்.

அடுத்த மறுப்பு: சலுகை முதலீடாகி வேலை தரும், இலவசம் தின்று தீரும். இதைத்தான் ஆதாரத்தோடு உரசிப் பார்க்க வேண்டும். 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை, அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன் தயாரித்தது, எதிர்க்கட்சியின் துண்டுப் பிரசுரம் இல்லை. 33,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணக்கைப் பார்த்து, 2019-20-க்கும் 2022-23-க்கும் இடையில் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்கானது என்கிறது. ஆள் எடுப்பதும் ஊதியமும் அதற்கு ஈடாக வளரவில்லை என்றும் குறைபட்டுக்கொள்கிறது. தொடக்க ஆண்டு மந்தமான ஆண்டு, நடுவில் பெருந்தொற்று என்பதால் எல்லாவற்றையும் வரிக் குறைப்பின் தலையில் போட முடியாது. ஆனால் வேலை தானாக வரும் என்று சொன்னவர்கள்தான் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். 2023-24-இல் தனிநபர் வருமான வரி சுமார் 10.4 லட்சம் கோடி, நிறுவன வரி சுமார் 9.1 லட்சம் கோடி. லாபம் பெருகிய காலத்தில் தனிநபர்கள் நிறுவனங்களை முந்திக்கொண்டு வரி கட்டினார்கள். குஜராத்தின் சானந்தில் மைக்ரான் நிறுவனத்தின் 275 கோடி டாலர் சிப் ஆலையில் பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் தருகின்றன. நிறுவனம் போடுவது மிச்சம் முப்பது சதவீதம். நம் பக்கத்தில், வாட் வரியைத் திருப்பித் தரும் ஒப்பந்தத்தோடு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த நோக்கியா 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. சிப் ஆலை ஒருவேளை நாளை நாட்டுக்கே பலன் தரலாம். நான் அதை மறுக்கவில்லை. பள்ளிச் சோற்றிடம் கேட்கும் கேள்வியை அதனிடமும் கேட்க வேண்டும் என்கிறேன்.

பள்ளிச் சோறு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. காமராஜர் காலத்தில் மாநிலத் திட்டமாகி, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரால் சத்துணவாக விரிந்தபோது, மாநிலம் திவாலாகும் என்ற எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. சமைத்த மதிய உணவை நாடு முழுவதும் உச்ச நீதிமன்றம் 2001-இல் கட்டாயமாக்கியது. 2021-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, தொடக்கப் பள்ளியில் மதிய உணவு பெற்ற பெண்கள் தாயானபோது அவர்களுடைய பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருந்ததைக் காட்டியது. சாப்பிட்டது அம்மா, உயரமானது பிள்ளை. தின்று தீர்ந்த செலவு என்று எழுதப்பட்டது ஒரு தலைமுறை தாண்டி வட்டி கொடுத்திருக்கிறது. இதைவிட நீண்டகால முதலீட்டைப் பங்குச் சந்தையில் தேடிப் பிடிப்பது கடினம்.

இதே உரைகல்லில் நலத்திட்டங்கள் எல்லாமே தேறும் என்று நான் நம்பவில்லை. வண்ணத் தொலைக்காட்சி எதைச் சாதித்தது என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. விவசாய பம்பு செட்டுக்குக் கணக்கற்ற இலவச மின்சாரம் இன்னும் சிக்கலானது. மீட்டர் இல்லாததால் எவ்வளவு போகிறது என்பதே உத்தேசம். நிலத்தடி நீர் கீழே போகப் போக, ஆழ்துளைக் கிணறு போட வசதியுள்ளவருக்கே பலன் அதிகம். கூலிக்கு நாற்று நடுபவருக்கு அதில் ஒரு யூனிட்கூடக் கிடையாது. பெயரில் உழவர் இருப்பதாலேயே அதைத் தொட எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. அதேபோல், வங்கிகள் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்கிவைத்த வாராக்கடனைக் ‘கார்ப்பரேட் கடன் தள்ளுபடி’ என்று மேடையில் முழங்குவதும் தவறு. அங்கே வசூலிக்கும் உரிமை வங்கியிடமே இருக்கிறது. எவ்வளவு வசூலானது என்று கேட்டால், அது சரியான கேள்வி. தமிழில் கணக்கிலிருந்து நீக்குவதற்கும் கடனையே விட்டுவிடுவதற்கும் ‘தள்ளுபடி’ என்ற ஒரே சொல் வாய்த்தது மேடைப் பேச்சாளர்களுக்கு வசதியாகிவிட்டது.

மாநிலத்தின் கடனைக் காட்டி மறுப்பவர்கள் இன்னும் மீதமிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது. இந்த எண்ணை இலவசங்களுக்கு எதிரான தீர்ப்பாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அறிக்கையின் பெரும் கவலை வருவாய்ப் பக்கத்தில் இருந்தது: மாநிலத்தின் சொந்த வரி வருவாய் பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிடும்போது தேய்ந்துகொண்டே வந்தது, சொத்து வரி ஆண்டுக்கணக்கில் திருத்தப்படவில்லை. பெரிய கட்டடத்துக்குப் பழைய வரியே போதும் என்று விட்டதால் யாருக்கு லாபம்? குடிசைக்காரருக்கு இல்லை. 2022 ஏப்ரலில் சொத்து வரியைப் பரப்பளவுக்கு ஏற்ப 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தியபோது தெருவில் இறங்கிப் போராடியவை, அதே கடனைச் சுட்டிக்காட்டி அரசைக் கண்டித்துவந்த கட்சிகள்.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம்கூட இல்லை. மத்திய அரசிடம் வரிச் சலுகை அறிக்கை ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்து, மானியக் கோரிக்கைகளுக்கு நாள் ஒதுக்குவதைப் போல ஒரு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு சலுகைக்கும் காலக்கெடு வைத்து, நீட்டிக்க வேண்டுமென்றால் மறுபடி வாக்கெடுக்கச் சொல்லலாம். மாநிலங்கள் முதலீட்டாளர்களோடு போடும் ஒப்பந்தங்களில் எவ்வளவு வரியை விட்டுத் தருகின்றன, எத்தனை வேலை வந்தது என்று சட்டமன்றத்தில் வைக்கலாம். தடை சட்டத்தில் இல்லை. டெல்லியில் இதைக் கேட்க வேண்டிய கட்சிகள் தங்கள் மாநிலத் தலைநகரங்களில் அதே நிறுவனங்களோடு அதே மாதிரி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுக் கொண்டிருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளுக்கு அனுப்பப்பட்ட வழக்கோ, இலவசம் என்றால் என்ன என்பதைத் தேர்தல் அறிக்கைகளில்தான் தேடிக்கொண்டிருக்கிறது.