நாரைத் தலைச் சைக்கிள்
ராலே, நாட்டிங்காம், இங்கிலாந்து, 1952

பெடல் அருகிலுள்ள பல்சக்கரத்தில் நாரைத் தலைகள் தெரிகின்றனவா? அது ராலேயின் அடையாளம். பழைய இரும்பு எடைக்குப் போகவிருந்த வண்டியைக் காப்பாற்றியதும் அதுதான். வயதைச் சொன்னது பின்சக்கரத்து ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். அந்நாளில் தயாரித்த ஆண்டை அதன் உறையிலேயே பொறித்தார்கள். இதில் 52.

கிராங்கை இறுக்கும் காட்டர் பின் துருவேறிக் கிடந்தது. சுத்தியலால் அடித்தால் வளைந்துவிடும். எண்ணெயில் ஊறவைத்து, அழுத்துகருவியால் தள்ளி எடுத்தார்கள். ஹப்பின் உட்பற்கள் தேயவில்லை. மண்ணெண்ணெய்க் குளியலே போதுமானதாக இருந்தது.

டயர், டியூப், பிரேக் கட்டைகள் புதியவை. கறுப்புப் பெயின்ட் பழையது. மறுபூச்சு பளபளக்கும், ஆனால் தங்கக் கோடுகளை விழுங்கிவிடும்.

மணியை மட்டும் அடித்துப் பார்க்கலாம்.