சும்மா நிற்பது சுலபமா?

1962 ஜூலை 6, வெள்ளிக்கிழமை இரவு. நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்தை ஒட்டி நிற்கும் ஜட்சன் நினைவு தேவாலயத்தில் ஒரே புழுக்கம். நுழைவுக் கட்டணம் கிடையாது. முன்னூறு பேர் அளவில் வந்திருந்தார்கள். 14 பேர் அமைத்த 23 நடனங்கள், மூன்று மணி நேரத்துக்கும் மேல். அமைத்தவர்களில் பலர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். ஸ்டீவ் பாக்ஸ்டனுக்கு 23 வயது, இவான் ரெய்னருக்கு 27. சில மாதங்களுக்கு முன் பெயர்பெற்ற ஓர் அரங்கில் இளம் நடன அமைப்பாளர்களுக்கான நிகழ்ச்சியில் இடம் கேட்டுப் போய், கிடைக்காமல் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். தேவாலயம்தான் கதவைத் திறந்துவிட்டது.

அந்த இரவிலிருந்து கிளம்பிய குழுவுக்கு 'ஜட்சன் நடன அரங்கு' என்று பெயர் வந்தது. இன்று உலகின் எந்த ஊரில் இளம் அமைப்பாளர்களின் சமகால நடன மாலை நடந்தாலும், அதன் கொடிவழியில் எங்கோ இந்தத் தேவாலயம் இருக்கிறது.

இந்த இளைஞர்களுக்கு ஆசிரியராக இருந்த ராபர்ட் டன், இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் படித்த இசைக்கலைஞர். 1960 இலையுதிர் காலத்தில் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக்கூடத்தில் ஒரு சிறு வகுப்பைத் தொடங்கினார். அடுத்த அசைவு எது என்பதைத் தற்செயலின் கையில் விட்டால் என்ன ஆகும்? நடனம் என்று யாரும் சொல்லாத ஒன்றை நடனத்துக்குள் கொண்டுவந்தால்? வகுப்பில் எழுந்த கேள்விகள் இப்படிப்பட்டவை. பாக்ஸ்டன் 1961இல் 'ப்ராக்ஸி' என்றொரு படைப்பைச் செய்தார். அதில் ஆடுபவர் நடப்பார், ஒரு பேரிக்காயைச் சாப்பிடுவார், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். 1967இல் அவர் அமைத்த 'சாட்டிஸ்ஃபையின் லவர்' இன்னும் எளிமையானது. பெருங்கூட்டமாக ஆட்கள் மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்து போவார்கள். நடுவில் சிலர் நிற்பார்கள், சிலர் நாற்காலியில் உட்காருவார்கள். அவ்வளவுதான்.

இதில் நடனம் எங்கே இருக்கிறது? அறுபது ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. சுழற்சியும் தாவலும் தீர்மானமும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஒருவர் மேடையில் வந்து வெறுமனே நிற்பது ஏமாற்று வேலையாகத் தோன்றலாம். கலை விமர்சகர்கள் இதற்குச் சொல்லும் பதில்கள் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு நிறைவளித்த பதில் உடலியலில் கிடைத்தது. அந்த இளைஞர்கள் மேடைக்குக் கொண்டுவந்த மிகச் சாதாரணமான செயல்கள்தாம் மனித உடல் செய்பவற்றிலேயே மிகக் கடினமானவை.

நிற்பதையே எடுத்துக்கொள்வோம்.

விளக்குமாற்றை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்தி விளையாடாத குழந்தை இருக்க முடியாது. அது சாயச் சாயக் கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மனித உடலும் அப்படி ஒரு விளக்குமாறுதான். எடையின் மையம் இடுப்பு உயரத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. அதைத் தாங்கும் பரப்போ இரண்டு பாதங்கள். இயற்பியலில் இதைத் தலைகீழ் ஊசல் என்பார்கள். சுவர்க் கடிகாரத்து ஊசல் தானாக நடுவுக்கு வந்து நின்றுவிடும். தலைகீழ் ஊசலை விட்டுவிட்டால் விழுந்துவிடும். போதாக்குறைக்கு நம் எடை மையம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுகிறது. ஆகவே நிற்கும் ஒவ்வொரு கணமும் நாம் முன்பக்கம் மெல்ல விழுந்துகொண்டிருக்கிறோம். கெண்டைக்கால் தசை பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அது எப்படிப் பிடிக்கிறது என்பதை இயன் லோரம் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துப் பார்த்தார்கள். உடல் முன்னால் சாயும்போது கெண்டைத்தசை ரப்பர் போல நீளும், பின்னால் போகும்போது சுருங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். கண்டது நேர்மாறு. உடல் முன்னால் சாயும்போது தசை சுருங்கிக்கொண்டிருந்தது. குதிகால் தசைநாண் மெல்லிய சுருள்வில்போல இழுபடுவதால், அதை ஈடுகட்டத் தசை விட்டு விட்டு இழுக்க வேண்டியிருக்கிறது. விநாடிக்கு இரண்டு மூன்று முறை, ஒரு பந்தைத் தட்டித் தட்டி மேலேயே வைத்திருப்பதுபோல. பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கும் ஒருவருடைய காலில் இந்தத் தட்டல் ஆயிரம் தடவைக்கு மேல் நடந்திருக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது.

பாக்ஸ்டனுக்குத் தெரிந்திருந்தது. கருவி வைத்து அளந்தல்ல, நின்று நின்று. எழுபதுகளில் தன் மாணவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு: நில்லுங்கள், தேவையற்ற இறுக்கத்தையெல்லாம் விடுங்கள், உங்களை விழாமல் வைத்திருப்பது எது என்று கவனியுங்கள். சிறிது நேரத்தில் பாதத்தின் முன்னும் பின்னும் எடை நகர்வதும், கணுக்காலிலும் முதுகுத்தண்டிலும் நுண்ணிய திருத்தங்கள் ஓடுவதும் புலப்படும். இதற்கு அவர் வைத்த பெயர் 'சின்ன நடனம்'. எத்தனையோ நடன அமைப்பாளர்கள் பெரிய பெரிய படைப்புகள் செய்திருக்கிறார்கள். இந்தப் பெயர் வைத்தலே ஒரு பெரும் படைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் திருத்தங்களுக்கெல்லாம் தகவல் எங்கிருந்து வருகிறது? கண், உட்செவி, பாதத்தின் தோல் ஆகியவற்றோடு தசைக்குள்ளேயே புதைந்திருக்கும் தசைக்கதிர்கள் என்ற உணர்விகளிலிருந்து. எந்தத் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எந்த மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட முடிவது இதனால்தான். ஐம்புலன் பட்டியலில் இடம்பெறாத புலன் இது.

அதை இழந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மேனின் வாழ்க்கை காட்டியது. 1971இல், 19 வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் உடலின் நிலை பற்றிய உணர்வும் அவருக்கு இல்லாமல் போயின. தசைகளுக்கு வலு இருந்தது, வலி தெரிந்தது, சூடும் குளிரும் தெரிந்தன. தன் கை எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிறகு மாதக்கணக்கில் முயன்று, ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து மனத்தால் கட்டளையிட்டு நிற்கவும் நடக்கவும் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். நடப்பது அவருக்கு அன்றாடம் முழுக் கவனத்தையும் கேட்கும் வேலையாகிவிட்டது. மேடையில் ஒருவர் சும்மா நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாட்டர்மேன் நினைவு வரும்.

நடை, நிற்பதைவிடத் துணிச்சலான காரியம். ஒவ்வோர் அடியிலும் உடலை முன்னால் விழவிட்டு, அடுத்த காலால் ஏந்திக்கொள்கிறோம். ஒற்றைக் காலின் மேல் ஏறும்போது வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. இறங்கும்போது உயரம் குறைந்து வேகம் கூடுகிறது. ஊசலில் நடக்கும் அதே கொடுக்கல் வாங்கல். இயல்பான வேகத்தில் நடந்தால், இப்படிக் கைமாறும் ஆற்றலில் 60 சதவீதத்துக்கும் மேல் திரும்பக் கிடைத்துவிடுகிறது. மணிக்கணக்கில் நடந்தும் நாம் களைத்து விழாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜட்சன் குழுவைச் சேர்ந்த திரிஷா பிரவுன் 1970இல் இதை வேறொரு கோணத்தில் காட்டினார். நியூயார்க்கின் வூஸ்டர் தெருவில் ஓர் ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒருவர், கயிற்றுக் கச்சையின் பிடிப்பில், சுவர்மீது தரைக்கு இணையாகப் படுத்த நிலையில் நடந்து இறங்கினார். பாதம் சுவரில் பதிகிறது, ஈர்ப்போ பக்கவாட்டில் இழுக்கிறது. தரையில் தானாக நடக்கும் அத்தனையையும் அவர் தசைப் பலத்தால் செய்ய வேண்டியிருந்தது.

இனி அரங்கின் மறுபக்கத்துக்கு வருவோம். இருட்டில் உட்கார்ந்திருக்கும் நம் உடலுக்குள் என்ன நடக்கிறது?

1973இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னர் யோஹான்சன் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவருடைய முக்கிய மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். அசையாத படத்தில் அவை வெறும் புள்ளிகள். அசையத் தொடங்கியதும் பார்ப்பவர்கள் உடனே 'ஒரு மனிதர் நடக்கிறார்' என்றார்கள். பிறகு அவர் செய்த சோதனைகளில், விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதுமானதாக இருந்தது. முகமோ உடையோ தோலோ தேவைப்படவில்லை.

2005இல் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோவும் சகாக்களும் லண்டனில் செய்த ஆய்வு இன்னும் உள்ளே போனது. பாலே நடனக் கலைஞர்கள், பிரேசிலின் கப்போய்ரா கலைஞர்கள், இரண்டும் தெரியாதவர்கள் என மூன்று தரப்பினர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்துக்கொண்டு, இருவகை அசைவுகளின் சிறு சிறு வீடியோக்களைப் பார்த்தார்கள். படுத்திருப்பவர் விரலைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொண்டன. பாலே கலைஞருக்குப் பாலே பார்க்கும்போது கூடுதலாக, கப்போய்ரா கலைஞருக்குக் கப்போய்ரா பார்க்கும்போது கூடுதலாக.

பழகிய காட்சி என்பதால் அப்படி நடந்திருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்துக்கு அடுத்த ஆண்டே அவர்கள் விடை தேடினார்கள். பாலேயில் ஆண்கள் மட்டும் செய்யும் அசைவுகளும் பெண்கள் மட்டும் செய்யும் அசைவுகளும் உண்டு. ஒன்றாகப் பயிற்சி செய்வதால் இரு தரப்பும் இரண்டையும் ஏராளமாகப் பார்த்திருப்பார்கள். செய்திருப்பது தம்முடையதை மட்டும்தான். தம் உடல் செய்தறிந்த அசைவைப் பார்க்கும்போதே அந்தப் பகுதிகள் அதிகமாக இயங்கின. கண்ணின் பழக்கத்தைத் தாண்டி உடலின் பழக்கமும் பார்வையில் சேர்கிறது என்பது தெளிவானது. (ஓர் அசைவைச் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் நரம்புச் செல்களைக் குறிக்கும் 'கண்ணாடி நியூரான்' என்ற ஒரு சொல்லை வைத்து அன்பு, கருணை, கலாச்சாரம் என்று எல்லாவற்றையும் விளக்கிவிடும் எழுத்துகள் பெருகிவிட்டன. அவற்றை நான் நம்புவதில்லை. மேற்சொன்ன ஆய்வுகள் சொல்வது அதைவிடச் சிறியது, உறுதியானது.)

இங்கிருந்து நான் எடுக்கும் முடிவு ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் சொன்னதல்ல, என்னுடையது. பாலே பார்க்கும்போது அரங்கில் உள்ளவர்களில் பாலே ஆடத் தெரிந்தவர்கள் சிலர்தான் இருப்பார்கள். நடையைப் பார்க்கும்போது? அரங்கில் அநேகமாக எல்லோரும் வித்தகர்கள். நியூயார்க்கில் ஆய்வாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் நடை பழகும் 12 முதல் 19 மாதக் குழந்தைகளைப் படம்பிடித்து எண்ணினார்கள். ஒரு குழந்தை மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் வைத்து, 17 முறை விழுந்து எழுந்தது. எந்த நடனப் பள்ளியிலும் இல்லாத சாதகம் இது. நம்மில் நடக்கக் கற்ற ஒவ்வொருவரும் அதைச் செய்து முடித்தவர்கள். 'சாட்டிஸ்ஃபையின் லவர்' பார்ப்பவர்களின் தசைகளுக்குத் தெரியாத எதுவும் அந்த மேடையில் நடப்பதில்லை. நடன வரலாற்றில் பார்வையாளரை இவ்வளவு மதித்த படைப்புகள் குறைவு.

எளிய அசைவின் கடினத்தைக் காட்டும் இதே இடத்துக்கு, நம் சென்னையில் சந்திரலேகா வேறொரு பாதையில் வந்தார். பரதம் பயின்று பெயர் பெற்ற அவர், யோகத்தையும் களரியையும் சேர்த்து 1985இல் 'அங்கிகா'வைப் படைத்தார். 2001இல் வந்த அவருடைய 'சரீரா'வில் அசைவுகள் மிக மிக மெதுவானவை. மெதுவாக அசைவதன் கடினத்தை ஒரு காலை மெல்ல உயர்த்திப் பார்த்தால் உணரலாம். வேகமாக வீசும்போது உந்தம் பாதி வேலையைச் செய்துவிடும். மெதுவாகத் தூக்கினால் ஒவ்வொரு கோணத்திலும் தசையே முழு எடையையும் தாங்க வேண்டும். பரதத்தின் அரைமண்டியும் அப்படித்தான். நிமிர்ந்து நிற்கும்போது முழங்கால் பூட்டிக்கொள்வதால் தொடைத்தசை ஓய்வெடுக்கிறது. முழங்காலை மடக்கியதும் பூட்டு திறந்து, முழுச் சுமையும் தொடைக்கு வந்துவிடுகிறது. அரைமண்டியில் அமர்ந்து அசையாமல் இருக்கும் பெண்ணின் தொடை நடுங்குவதை முன்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் வந்த ஜதி எதுவும் என் நினைவில் இல்லை.

இளம் நடன அமைப்பாளர்களின் மாலைகள் இப்போது நம் ஊர்களிலும் நடக்கின்றன. பெரும்பாலும் சிறு அரங்கு, குறைந்த கட்டணம் அல்லது கட்டணமே இல்லை, பாதிக்கு மேல் காலி நாற்காலிகள். போய்ப் பாருங்கள். என்ன அர்த்தம் என்று முதல் ஐந்து நிமிடத்தில் தேட வேண்டாம். ஆடுபவரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். சில படைப்புகள் சரியாக வந்திருக்காது. 1962 இரவின் 23 நடனங்களிலும் பலவற்றை இன்று யாரும் ஆடுவதில்லை. கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள். சமதளத் தரையுள்ள அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்களின் தலைகள் மறைத்துவிடும். மேடையில் இருப்பவரின் பாதங்கள் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள்.